பிளேட் என்றால் போர்வை: ஸ்காட்லாந்தில் ஆறு நாட்கள்

முதல் நாள்: எடின்பரோ

குடியாத்தத்தில் கைலி நெய்த குடும்பத்தில் பிறந்தவன் ஆகையால், கட்டம் போட்ட துணியைக் கண்டால் விலையைக் கேட்பதற்கு முன்பே இழையை எண்ணத் தொடங்கிவிடுவேன். அப்பாவின் குழித்தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றிக் கொடுத்த வயதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. ‘பிளேட்’ என்ற பெயரில் உலகமெங்கும் சட்டையாகவும் சால்வையாகவும் விற்கிற கட்டத் துணியின் ஊரை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற நெடுநாள் ஆசை இந்தச் செப்டம்பரில்தான் கைகூடியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் கண்டதை அன்றிரவே இங்கே எழுதுகிறேன்.

காலையில் விடுதியில் பையை வைத்துவிட்டு நேராக ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே நான் தேடிப் போனது ‘ஃபால்கிர்க் டார்ட்டன்’ என்று பெயர் பெற்ற ஒரு சிறு கம்பளித் துண்டை. 1933-இல் ஃபால்கிர்க் நகரில், ரோமானியர் எழுப்பிய அன்டோனைன் மதிலுக்கு அருகில், ஏறத்தாழ 2000 வெள்ளி நாணயங்கள் நிறைந்த ஒரு மண்பானை கிடைத்தது. அந்தப் பானையின் வாயை அடைத்திருந்த துணிதான் இது. நாணயங்களை வைத்துக் கணக்கிட்டால் கி.பி. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாணயங்களைக் காப்பாற்றத்தான் யாரோ இதைச் சுருட்டித் திணித்திருக்கிறார்கள்; இன்று அந்தக் கந்தலைப் பார்க்கத்தான் என்னைப் போன்றவர்கள் வருகிறார்கள்.

கண்ணாடிக்கு முகத்தை ஒட்டி வைத்து நெடுநேரம் பார்த்தேன். சாயம் எதுவும் கிடையாது. வெளிர் நிற ஆட்டின் மயிர் ஓர் இழை, கரும்பழுப்பு ஆட்டின் மயிர் இன்னோர் இழை. இரண்டையும் பாவிலும் (நீளவாட்டு நூல்) மாற்றி மாற்றி வைத்து, ஊடையிலும் (குறுக்குவாட்டு நூல்) மாற்றி மாற்றி விட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான், கட்டம் வந்துவிட்டது. இதைப் பார்த்தபோது எனக்குள் வெகுநாளாக இருந்த ஓர் எண்ணம் உறுதிப்பட்டது. பூவையும் மயிலையும் துணியில் கொண்டுவர ஒருவர் மனத்தில் வரைந்து பார்க்க வேண்டும். கட்டமோ தறியிலேயே பிறக்கிற வடிவம். இரண்டு நிற நூலும் ஒரு தறியும் இருந்தால் எந்த நாட்டிலும் அது தானாக வரும். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கங்களில் கிடைத்த பழங்காலக் கம்பளித் துண்டுகளிலும் கட்டம் இருக்கிறது. சீனாவின் மேற்குக் கோடியில் ஹாமிக்கு அருகே, சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டவர்களின் உடையிலும் பலநிறக் கட்டம் இருக்கிறது. ஆகவே கட்டத்தைக் கண்டுபிடித்தவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்று சொல்ல முடியாது. அந்தக் கட்டத்துக்கு இவ்வளவு பொருள் எப்படி வந்து சேர்ந்தது என்ற கேள்விக்குத்தான் இந்த நாட்டைவிட்டால் வேறு இடமில்லை.

இரண்டாம் நாள்: மீண்டும் எடின்பரோ

கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை இறங்கும் ராயல் மைல் என்னும் தெருவில் மூன்று கடைக்கு ஒரு கடை கட்டத் துணி விற்கிறது. ஒவ்வொரு சால்வையிலும் ஒரு குலப்பெயர்: கேம்பல், மெக்டொனால்ட், ஃபிரேசர், கார்டன். வருகிறவர்கள் தங்கள் குடும்பப் பெயரைச் சொல்லித் தேடுகிறார்கள். கிடைத்தால் முகம் மலர்ந்துவிடுகிறது.

ஒரு கடையில் “பிளேட் சால்வை” என்று நான் கேட்டதும், அங்கிருந்த மூத்த பெண்மணி சொல்லைத் திருத்தினார். இந்தக் கட்ட வடிவத்துக்கு இங்கே பெயர் டார்ட்டன். பிளேட் என்பது உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் நீளமான துணி. ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக்கில் ‘பிளாய்ட்’ என்ற ஒலியில் வழங்கும் சொல்லுக்குப் போர்வை, கம்பளி என்றுதான் பொருள். வடிவத்தைக் குறிக்க அம்மொழியில் இருப்பது ‘பிரெக்கன்’. புள்ளியும் வரியுமாகப் பல நிறம் கலந்தது என்ற பொருளில் வந்த சொல். டார்ட்டன் என்பதே பழைய பிரெஞ்சில் ஒருவகைக் கலப்புத் துணிக்கு இருந்த பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்பது பலரும் ஏற்கிற விளக்கம். போர்வையின் பெயர் கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போனபோது, போர்வை போய் அதன்மேல் இருந்த கட்டம் மட்டும் அந்தப் பெயரில் தங்கிவிட்டது. உச்சரிப்பும் மாறிவிட்டது, இங்கே ‘பிளேட்’, அங்கே ‘பிளாட்’. நம் ஊரில் ‘கைலி’ என்றால் உடுக்கும் துணிக்குப் பெயர். அதைக் கட்டத்துக்குப் பெயராக்கி, “கைலி போட்ட சட்டை” என்று யாராவது கேட்டால் எப்படி விழிப்போமோ, அப்படித்தான் அந்தப் பெண்மணிக்கும் இருந்திருக்க வேண்டும்.

பிற்பகல் ஹோலிரூட் அரண்மனைக்குப் போனேன். டேவிட் வில்கி வரைந்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் ஆளுயர ஓவியம் அங்கே இருக்கிறது. மன்னர் சிவப்பு டார்ட்டன் உடையில் நிற்கிறார். 1822 ஆகஸ்டில் அவர் எடின்பரோவுக்கு வந்ததுதான், ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்குப் பிறகு ஆட்சியில் இருக்கும் மன்னர் ஒருவர் ஸ்காட்லாந்து மண்ணை மிதித்த நிகழ்ச்சி. வரவேற்பை முன்னின்று நடத்தியவர் எழுத்தாளர் வால்டர் ஸ்காட். குலத் தலைவர்கள் அவரவர் டார்ட்டனில் வந்து நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. மன்னரின் உடைக்கு மட்டும் 1354 பவுண்டு செலவானது. அதற்கு ஏழு ஆண்டு முன்பே, 1815-இல், லண்டனில் இயங்கிய ஹைலேண்ட் (ஸ்காட்லாந்தின் மலைநாடு) சங்கம் குலத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதி, உங்கள் குலத்தின் டார்ட்டன் மாதிரியை முத்திரையிட்டு அனுப்புங்கள் என்று கேட்டிருந்தது. தம் குலத்துக்கென்று ஒரு டார்ட்டன் உண்டா என்பதே தெரியாத தலைவர்கள் பலர். கேள்வி வந்த பிறகு விடை தேட வேண்டியதாயிற்று. தேடிப் போன இடம் நெசவாளரின் மாதிரிப் புத்தகம். அந்த நெசவாளர் ஊருக்குத்தான் நாளை.

மூன்றாம் நாள்: பானக்பர்ன்

ஸ்டெர்லிங் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. பானக்பர்ன் என்றதும் இந்நாட்டவருக்கு 1314-இல் நடந்த போர் நினைவுக்கு வரும்; நான் வந்தது வில்லியம் வில்சன் குடும்பத்தின் நெசவுக்காக. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய இந்நிறுவனம், டார்ட்டன் நெசவில் மற்ற எல்லோரையும் மிஞ்சி வளர்ந்தது. அந்த மன்னரின் பெயரைத் தாங்கிய ராயல் ஜார்ஜ் மில் கட்டடம் ஓடைக்கரையில் இன்றும் நிற்கிறது. வெளியில் நின்று பார்த்ததோடு சரி, மழை விடவில்லை.

வில்சன் நிறுவனம் 1819-இல் தொகுத்த மாதிரிப் புத்தகத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கட்டங்கள், நிறம் வாரியாக இழைக் கணக்குடன் எழுதப்பட்டுள்ளன. பல கட்டங்களுக்கு எண் மட்டுமே அடையாளம். சிலவற்றுக்கு ஊர்ப்பெயர் வைத்தார்கள், விற்பனை கூடட்டும் என்று சிலவற்றுக்குக் குலப்பெயரும் வைத்தார்கள். இன்று மெக்ஃபர்சன் குலத்தின் டார்ட்டனாக விற்கும் ஒரு கட்டம் முதலில் வெறும் எண்ணாக இருந்தது. பிறகு கிட் என்ற வணிகர் மேற்கிந்தியத் தீவுகளில் தம்மிடம் இருந்த அடிமைகளுக்கு உடுத்த மொத்தமாக வாங்கியதால் ‘கிட்’ என்று பெயர் பெற்றது. அதன் பிறகுதான் குலப்பெயர் வந்தது. இழை ஒன்றுகூட மாறவில்லை. அடிமையின் முதுகில் கிடந்த அதே கட்டம் தலைவனின் தோளுக்கு ஏறியிருக்கிறது. இதை வாசித்த நாளிலிருந்து என்னால் அந்தச் சால்வையைச் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

நான்காம் நாள்: கலோடன்

இன்வர்னெஸ் நகருக்குக் கிழக்கே சுமார் எட்டுக் கிலோமீட்டரில் கலோடன் பொட்டல். புதரும் ஈரநிலமும் கலந்த வெளி. செப்டம்பர் ஆகையால் ஹெதர் பூக்கள் வாடத் தொடங்கியிருக்கின்றன. 1746 ஏப்ரல் 16 அன்று ஸ்டூவர்ட் அரச குடும்பத்தை மீண்டும் அரியணையில் அமர்த்தப் போராடிய படை இங்கே ஒரு மணி நேரத்துக்குள் தோற்றது. புல் மூடிய மேடுகளின் தலைமாட்டில் குலப்பெயர் பொறித்த கற்கள் நிற்கின்றன. ஆனால் அந்தக் கற்களை நட்டது 1881-இல்தான். எந்தக் குழியில் எந்தக் குலத்தவர் கிடக்கிறார் என்பதைத் துணியை வைத்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஏனென்றால் களத்தில் நண்பனையும் எதிரியையும் பிரித்துக் காட்டியது டார்ட்டன் கிடையாது, தொப்பியில் குத்தியிருந்த நாடாப்பூ. ஸ்டூவர்ட் பக்கத்தாருக்கு வெள்ளை, அரசுப் படைக்குக் கறுப்பு. இந்தப் போரை டேவிட் மோரியர் வரைந்த ஓவியத்திலும் ஹைலேண்ட் வீரர்கள் ஆளுக்கொரு கட்டம் அணிந்திருக்கிறார்கள். ஒரே ஆளின் மேற்சட்டை ஒரு கட்டம், காலுறை வேறொரு கட்டம். கிடைத்ததை, பிடித்ததை உடுத்திய மனிதர்கள்.

பார்வையாளர் கூடத்தில் பழைய முறையில் பிளேட் உடுத்திக் காட்டினார்கள். நான்கைந்து மீட்டர் நீளத்தில், இரண்டு அகலத் துணிகளைச் சேர்த்துத் தைத்த கம்பளி. இளைஞர் ஒருவர் தரையில் ஒரு தோல்வாரை நீட்டிப் போட்டு, அதன்மேல் துணியை விரித்து, நடுப்பகுதியை விரலால் சிறு சிறு கொசுவமாக மடித்துக்கொண்டே வந்தார். இரு ஓரத்திலும் மடிக்காத பகுதி கொஞ்சம் மிஞ்சியது. பிறகு அதன்மேல் மல்லாந்து படுத்து, ஓரங்களை இடுப்பின் முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, வாரை இறுக்கி எழுந்தார். இடுப்புக்குக் கீழே முழங்கால்வரை கொசுவம் விழுந்தது. மேலே மிச்சமிருந்த துணி முதுகுப்பக்கம் பெரிய மூட்டையாகத் தொங்கியது. அதைத் தூக்கித் தோளில் குத்திக்கொண்டால் மேலாடை, தலைமேல் இழுத்துவிட்டால் மழைக்கு முக்காடு, இரவில் வாரை அவிழ்த்துவிட்டால் போர்வை. கொசுவத்தில் அவர் விரல் ஓடிய வேகம் புடவை கட்டும் வேகமேதான். இதன் கீழ்ப்பாதியை மட்டும் வெட்டியெடுத்ததுதான் இன்றைய கில்ட். அதை 1720-களை ஒட்டி இப்பகுதியில் இரும்பு உலை நடத்திய தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர் தம் தொழிலாளர்களுக்காகக் கொண்டுவந்தார் என்ற கதையை ஒப்புவோரும் உண்டு, மறுப்போரும் உண்டு.

தோல்வியின் பின்னால் வந்தது சட்டம். 1747 ஆகஸ்ட் 1 முதல் ஸ்காட்லாந்தில் ஆண்களும் சிறுவர்களும் பிளேட், கில்ட் உள்ளிட்ட ஹைலேண்ட் உடையை அணியக்கூடாது. டார்ட்டனில் மேலங்கியும் கூடாது. மீறினால் ஆறு மாதச் சிறை. இரண்டாம் முறை மீறினால் ஏழாண்டு கடல்கடந்த தோட்டங்களுக்கு நாடுகடத்தல். பெண்களுக்கு இந்தத் தடை இல்லை, அரசுப் படையில் சேர்ந்தவர்களுக்கும் இல்லை. படைக்குள் போனால் உடுத்தலாம், வீட்டில் இருந்தால் குற்றம். பிளாக் வாட்ச் படைப்பிரிவின் கரும்பச்சையும் கருநீலமும் கலந்த கட்டம் அப்படித்தான் சட்டத்தின் நிழலிலேயே வளர்ந்தது. அந்த 35 ஆண்டுகளில் போர்வையை மடித்து உடுத்தத் தெரிந்த ஒரு தலைமுறை மறைந்துபோனது. 1782 ஜூலை 1-இல் தடை நீங்கியபோது, உடை அன்றாடத்திலிருந்து விலகி அடையாளமாகிவிட்டிருந்தது. நேற்றும் முந்தாநாளும் கண்ட குலப்பெயர் வேட்கையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பறிக்கப்படாமல் இருந்திருந்தால் அவர்கள் இதைத் துணி என்று மட்டுமே நினைத்து உடுத்திக் கிழித்திருப்பார்கள்.

ஐந்தாம் நாள்: க்ளென் ஆஃப்ரிக்

இன்வர்னெஸிலிருந்து மேற்கே கேனிக் சிற்றூர் வழியாகப் போனால் க்ளென் ஆஃப்ரிக் பள்ளத்தாக்கு. வாடகைக் காரில் வந்து, ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு நடந்தேன். பழமையான ஸ்காட்ஸ் பைன் மரங்கள். பட்டையின் மேற்பகுதி செம்மண் நிறத்தில் ஒளிர்கிறது. பாதையை விட்டு ஓரடி விலகினால் கால், மக்கிய செடிகொடி படிந்த கரிநிலத்துக்குள் இறங்குகிறது. காற்று புகாத, புளிப்பேறிய இந்தச் சேற்றில் பருத்தியும் சணலும் கரைந்துவிடும், கம்பளி கரையாது. அப்படித் தப்பிய ஒரு துண்டு 1980-களின் தொடக்கத்தில் இப்பகுதியில் அகப்பட்டது. கரிமக் கணிப்பும் சாயப் பரிசோதனையும் செய்து, அது 1500-க்கும் 1600-க்கும் இடைப்பட்ட காலத்தில் நெய்தது என்று 2023-இல் அறிவித்தார்கள். சாயமேற்றிப் பல நிறத்தில் நெய்த உண்மையான டார்ட்டன்களில், ஸ்காட்லாந்தில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையது இதுவே. டண்டீ நகர அருங்காட்சியகத்தில் அதே ஆண்டு மக்கள் பார்வைக்கு வைத்தபோது வர முடியவில்லையே என்ற குறை எனக்கு இன்றும் உண்டு. சுமார் 55-க்கு 43 சென்டிமீட்டர் அளவு. பச்சையும் பழுப்பும் தெரிகின்றன. சிவப்பும் மஞ்சளும் இருந்திருக்கலாம். பச்சையில் நீலச்சாயத்தின் தடயம் கிடைத்திருக்கிறது. அவுரியோ, இங்கே விளையும் வோட் செடியோ, எதிலிருந்து எடுத்தாலும் அந்த நீலப் பொருள் ஒன்றுதான். அதனோடு ஒரு மஞ்சள் சாயம் சேர்ந்தால் பச்சை.

ஃபால்கிர்க் துண்டுக்கும் இதற்கும் நடுவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள். ஆட்டின் இயற்கை நிறத்தோடு நின்றிருந்த கை, இந்த இடைக்காலத்தில் சாயத்தொட்டிக்குள் இறங்கியிருக்கிறது. பாறையில் படரும் கல்பாசியைச் சுரண்டிக் கொதிக்க வைத்தால் செம்பழுப்பு. சதுப்பில் வளரும் மிர்ட்டில் செடியிலிருந்து மஞ்சள். போகிற வழியில் ஒரு பாறையில் சாம்பல் நிறக் கல்பாசி அப்பளம் போலப் பொரிந்து கிடந்தது. இதற்குள்ளா செம்பழுப்பு இருக்கிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கருஞ்சிவப்பு மட்டும் தொலைவிலிருந்து கப்பலில் வந்த சாயங்களைக் கேட்டது. ஆகவே சிவப்பு மிகுந்த டார்ட்டன் குலத்தைக் காட்டியதைவிடப் பணத்தைத்தான் காட்டியிருக்கும்.

இங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டது மார்ட்டின் மார்ட்டின் என்பவரை. ஸ்கை தீவில் பிறந்த அவர், 1703-இல் மேற்குத் தீவுகளைப் பற்றி எழுதியபோது பிளேட் நெசவையும் குறித்து வைத்தார். இடத்துக்கு இடம் கட்டம் மாறும், பார்த்தவுடன் ஆள் எந்தத் தீவு என்று சொல்லிவிடலாம் என்கிறார். குலம் என்று அவர் சொல்லவில்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு செய்தி: கட்டம் பிசகாமல் வரப் பெண்கள் மிகுந்த கவனம் எடுத்துக்கொள்வார்கள் என்றும், ஒவ்வொரு நிறத்திலும் எத்தனை இழை என்ற கணக்கை ஒரு சிறு மரக்குச்சியில் வைத்திருப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறார். குச்சிதான் புத்தகம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் அம்மாவின் குச்சியை எடுத்துவைத்து அதே கட்டத்தை நெய்துவிடலாம். சட்டமும் அரச வருகையும் வருவதற்கு முன்னால், டார்ட்டனில் உண்மையாகவே வழிவழியாக வந்தது இந்த எண்ணிக்கைதான். குச்சி வைத்திருந்த பெண்களில் ஒருவரின் பெயரும் எந்தச் சால்வையிலும் இல்லை என்பது இன்று முழுவதும் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆறாம் நாள்: செல்கர்க்

நேற்றிரவே எடின்பரோ திரும்பி, காலையில் பார்டர்ஸ் ரயிலில் கலாஷீல்ஸ், அங்கிருந்து பேருந்தில் செல்கர்க். வால்டர் ஸ்காட் ஷெரிஃபாக, அதாவது வட்டார நீதிபதியாக, இருந்த ஊர் இது. ஆற்றுத் தண்ணீரை நம்பி எழுந்த கம்பளி ஆலைகளில் சில இன்றும் டார்ட்டன் நெய்கின்றன. முன்கூட்டிக் கேட்டு வைத்திருந்ததால் ஓர் ஆலையில் பாவு ஓட்டும் இடத்தைக் காட்டினார்கள்.

ஒரு சட்டகத்தில் நூல் உருளைகள் வரிசையாக நிற்க, பக்கத்தில் ஒரு தாள். நிறத்தின் சுருக்கெழுத்தும் இழை எண்ணும். குச்சியின் இடத்தில் இன்று தாள், அவ்வளவுதான் வேறுபாடு. வரிசை ஒரு முனையிலிருந்து தொடங்கி நடுவில் ஒரு நிறத்தில் வந்து திரும்பும். திரும்பிய பிறகு அதே எண்கள் தலைகீழாக வரும். ஆகவே பாதியை எழுதினாலே முழுக் கட்டமும் கிடைத்துவிடும். பாவில் எந்த வரிசையோ ஊடையிலும் அதே வரிசை. அதனால் ஒவ்வொரு நிறமும் மற்ற ஒவ்வொரு நிறத்தையும் ஓரிடத்தில் சந்தித்தே தீரும். இரண்டு நிற நூலில் மூன்று நிறம் தெரியும்: தனித்தனியாக இரண்டு, கலந்தது ஒன்று. ஆறு நிற நூலென்றால் தனியாக ஆறு, கலப்பாகப் பதினைந்து, மொத்தம் 21. சாயத்தொட்டியில் ஆறே நிறத்தைக் காய்ச்சிவிட்டு, மீதியைத் தறியின் கையில் விட்டுவிடுகிறார்கள்.

தறி மேலாளர் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். ராப் ராய் மெக்ரெகர் பெயரில் வழங்கும் சிவப்பு-கறுப்புக் கட்டத்தின் கலப்புச் சதுரத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். தொலைவில் மெரூனாகத் தெரிந்த இடத்தில் அப்படியொரு நிறமே இல்லை. சிவப்பு இழை இரண்டின்மேல் ஏறி, இரண்டின்கீழ் இறங்கி, அடுத்த வரிசையில் ஓரிழை தள்ளி மறுபடி ஏறுகிறது. கறுப்பும் சிவப்பும் சாய்வுக் கோடுகளாகப் படிக்கட்டு போல நகர்கின்றன. இதுதான் ட்வில் நெசவு. எங்கள் கைலியும், 18-ஆம் நூற்றாண்டிலேயே மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய மெட்ராஸ் கைக்குட்டைத் துணியும் ஒன்று விட்டு ஒன்று ஏறும் சாதா நெசவு. அங்கே கலப்பு புள்ளி புள்ளியாக இருக்கும். நிற வரிசை ஒன்றே ஆனாலும் சாய்வுக் கோடும் புள்ளியும் துணிக்குத் தரும் முகம் வேறு. இந்த வேறுபாட்டைப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கண்ணாடியை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

புதிதாகப் பதிவாகும் டார்ட்டன்களுக்கு இன்று அரசுப் பதிவேடு இருக்கிறது. 2008-இல் சட்டம், 2009-இல் தொடக்கம். யார் வேண்டுமானாலும் தம் கட்டத்தைப் பதியலாம், ஆனால் ஏற்கெனவே பதிந்ததைப் போல இருக்கக்கூடாது. குலம் இல்லாதவர்களும் ஊருக்கு, பள்ளிக்கு, தொழிலுக்கு என்று பதிகிறார்களாம். அதில் பொய் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1815-இல் தலைவர்கள் செய்ததும் ஏறத்தாழ இதுதான்.

வெளியே வரும்போது மிச்சத் துண்டுகள் கிடந்த கூடையிலிருந்து ஒன்றை வாங்கினேன். எல்லைப்புற ஆட்டிடையர்கள் போர்த்திய கறுப்பு-வெள்ளைச் சிறு கட்டம். குலப்பெயர் எதுவும் இல்லாதது. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைத்தார்.

“கறுப்பு ஆறு, வெள்ளை ஆறு. சரியா?”

“சரிதாம்பா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“பெருசாக்கி எண்ணினேன். ஓரத்துல ஒரு இடத்துல கறுப்பு ஏழு இருக்கு, பாரு. பாவு ஓட்டினவங்க கை தப்பியிருக்கு.”

துண்டை மடியில் விரித்து, நகத்தால் இழையைத் தள்ளித் தள்ளி எண்ணினேன். ஏழு இருந்தது.